2029 வரைக்கும்

கம்பெனியின் விசாரணை அறிக்கையில் என் கணவரைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. ‘சர்வருக்குத் தவறான ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்ததும், அதை உரிய காலத்தில் மாற்றத் தவறியதும் சிஸ்டம் அட்மின் நவநீதனின் பொறுப்பு.’ முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியவர் கெட்டிக்காரர்.

ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் அவர் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டார். 2020 தொடக்கத்தில், ஒவ்வொரு லாட் தோலின் கெமிக்கல் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கம்பெனி வெப்சைட்டிலேயே பார்க்க வேண்டும் என்று வெளிநாட்டு பையர்கள் கேட்டார்கள். அதற்காகச் சொந்தமாக ஒரு சர்வர் வந்தது. அதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது என்பதை அவரிடமே விட்டார்கள்.

மூன்று வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நான் பள்ளி நூலகத்தில் வேலை செய்பவள். கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. விண்டோஸ் எல்லோருக்கும் பழகியது, ஆனால் எதற்கெடுத்தாலும் லைசென்ஸ். டெபியன் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து தாங்களாகவே செய்வது. சென்ட்ஓஎஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. அதன் எட்டாம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று அறிவித்திருந்தார்கள். அப்டேட் நின்றுபோன சர்வர் பூட்டு இல்லாத வீடு என்பார்.

காட்பாடியில் வெப்சைட் ஹோஸ்டிங் தொழில் செய்யும் பூர்ணிமா, அவருக்குக் கல்லூரியில் ஜூனியர். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவளோடு பேசுவார்.

“டெபியன் போடுங்கண்ணா. யாரும் நடுவுல கைய விட்டுட முடியாது. யார் கையிலயும் அது இல்லியே.”

“இவங்க 2029ன்னு சொல்லிட்டாங்களேம்மா. ஜபான் குடுத்தாச்சு.”

“நீங்க சிஸ்டம் செலக்ட் பண்றீங்களா, மாட்டுத் தோல் வாங்கறீங்களா?”

அவர் சிரித்தார். ஆனால் அவள் சொன்னது சரிதான். என் மாமனார் சாமிநாதன் பேர்ணாம்பட்டில் அப்துல் ஹமீத் பாயின் தோல் மண்டியில் முப்பது வருஷம் இருந்தவர். அங்கே துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். கையை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. மறுநாள் விலை இரண்டு மடங்கு ஏறினாலும் பாய் பேசிய விலைக்குத்தான் கொடுப்பார். ஒரு சீட்டு கிடையாது, வாய்வார்த்தைதான். அதைத்தான் ஜபான் என்பார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு, சொன்னால் சொன்னதுதான்.

“மண்டியில பாய் எதிர்ல உக்காந்திருந்தாரு. இதுல உங்க எதிர்ல யாரு உக்காந்திருக்காங்க?” என்றேன்.

“உலகமே உக்காந்திருக்குது” என்றார்.

சென்ட்ஓஎஸ் போட்டார். அந்த டிசம்பரிலேயே அறிவிப்பு வந்தது. 2029 இல்லை, 2021 கடைசியோடு அப்டேட் நிறுத்தம். அவர் கோபப்படவில்லை. தானே வாக்குத் தவறிவிட்டதுபோல இரண்டு நாள் தலை நிமிராமல் சாப்பிட்டார். அதே ரகத்தில் வேறொன்றுக்கு மாறலாம் என்று பூர்ணிமா சொன்னதற்கு, இனி ஒரு கம்பெனி நினைத்தால் நிறுத்தக்கூடிய எதுவும் வேண்டாம் என்று டெபியனுக்கே திட்டம் போட்டார். ரிப்போர்ட் காட்டும் புரோகிராமைத் திருத்தி, இன்னொரு மெஷினில் ஓட்டிப் பார்த்து, 2021 அக்டோபரில் எல்லாம் தயார். வெப்சைட்டை இரண்டு நாள் நிறுத்தினால் போதும்.

ஜெனரல் மேனேஜர் ஆதிகேசவன் ஒப்புக்கொள்ளவில்லை. மாற்றும் வேலைக்கு உதவ இருந்த பூர்ணிமாவும் அன்று ஆதிகேசவனோடு அதே ஃபோன் லைனில் இருந்தாள். என் கணவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஸ்பீக்கர் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாப்பா நவநீதன், சீசன்ல ரெண்டு நாள் கடைய மூடுன்றியே. பையர் என்னைச் செருப்பால அடிப்பான், அதுவும் நம்ம கம்பெனி செருப்பால.”

“டிசம்பரோட அப்டேட் நின்னுடும் சார். அப்புறம் யாருனா உள்ள பூந்தா—”

“பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம். எதுனா ஆனா என் பொறுப்பு. நான் சொல்றேன் இல்ல? நீ கைய வெக்காத.”

ஃபோனை வைத்ததும் நான் சொன்னேன். “இப்ப பேசினத அப்படியே ஒரு மெயிலா அனுப்பிடுங்க. ரெண்டு வரி. நானே எழுதித் தர்றேன்.”

“பத்து வருஷமா பாக்குற மனுஷன் ஜோதி. சொன்னத எழுத்துல குடுன்னா, உன்னை நம்பலன்னு அர்த்தம்.”

“ஆமா, நம்பலதான்.”

“உனக்கு இல்ல. எனக்கு நம்பிக்கை இருக்குது.”

அந்த இரண்டு வரியை டைப் செய்து அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக்கும் விழுந்தன. அதை மெயிலாக அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பொங்கல் போனது. ரம்ஜான் முடியட்டும் என்றார்கள். பிறகு புது ஆர்டர். 2022 ஆகஸ்டில் யாரோ சர்வருக்குள் புகுந்து டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை அழித்து, அந்தப் பக்கம் முழுக்கச் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டார்கள். பெரிய பையர் ஒருவர் விலகினார். விசாரணையில் ஆதிகேசவன், “எனக்கு கம்ப்யூட்டரே தெரியாதுங்க, அவர் இன்னா சொன்னாரோ அதுதான்” என்றார். அன்றைக்கு மட்டும் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டார்கள். அந்த மெயிலை அவர் அனுப்பியிருக்கவே இல்லை. ராஜினாமாவையும் எழுதி வாங்கினார்கள்.

வாணியம்பாடி, ராணிப்பேட்டை, எங்கே போனாலும் “நீங்கதானே அந்த சர்வர் ஆளு?” என்றார்கள். கடைசியில் சென்னையில் ஒரு வேலை. தினமும் ரயில். 2024 பிப்ரவரியில் ஒரு காலை, அரக்கோணத்துக்கு முன்போ பின்போ, உட்கார்ந்தபடியே போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்து சீட்காரர் சென்னை வரை எழுப்பவில்லை. வயது நாற்பத்து மூன்று.

ஆதிகேசவன் மாலையோடு வந்தார். “தங்கமான ஆளு” என்று வாசலில் நாலு பேரிடம் சொன்னார்.

அந்த வருஷம் என் மகள் சௌந்தர்யா கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விண்ணப்பம் போட்டாள். “அப்பா மாதிரி மாட்டிக்காத கண்ணு” என்று அக்கறையாகச் சொன்னவர்கள் உண்டு. அவள் என்னிடம், “அப்பா நெஜமாவே மாத்தாம உட்டுட்டாராம்மா?” என்று கேட்டாள். நான் சொன்னதை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் அவர் மனைவி. அந்த லைனில் இருந்த வேறொருவர் சொல்ல வேண்டும். கம்பெனி முதலாளிக்கு ஒரு கடிதம் போதும்.

காட்பாடிக்குப் போனேன். பூர்ணிமா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டேன் அக்கா. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன்.”

“அத எழுதிக் குடு.”

அவள் கையை விட்டாள். “அவங்க சர்வர் இப்ப எங்ககிட்டதான் இருக்குது. ஆதிகேசவன் சார்தான் குடுத்தாரு. எட்டு பேர் இங்க வேலை செய்றாங்க. நான் இத எழுதினா இந்தப் பக்கத்துல ஒரு கம்பெனி என்னைக் கூப்பிடாது.”

“அவரைக் கூப்பிடாத மாதிரி.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “டெபியன்தான் போட்டிருக்கேன் அக்கா. அண்ணா வெச்சிருந்த பிளான்படியே. ஒரு வரி மாத்தல.”

“அத அவங்ககிட்ட சொன்னியா?”

அவள் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். கறுப்புத் திரையில் சின்ன எழுத்தில் அவர் பெயர், ஆங்கிலத்தில். “ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பேர் வெக்கணும். இதுக்கு அண்ணா பேர வெச்சேன்.” அவள் அழுதாள். பொய்யாக அழவில்லை.

“நாளைக்கு இது நின்னுபோனா, ஃபோன்ல உங்க ஆளுங்க இன்னான்னு சொல்வாங்க?”

“அக்கா...”

“நவநீதன் படுத்துட்டான், நவநீதனால பேஜாருன்னுதானே? இன்னொரு தடவை வேணாம்மா. எடுத்துடு.”

“ஒரு மரியாதைக்குத்தான்க்கா வெச்சேன்.”

“மரியாதை அந்த லெட்டர்ல இருக்குது. அத குடுக்கிறதா இருந்தா குடு. இல்லன்னா இதையும் எடு.”

அவள் கீபோர்டை இழுத்து டைப் செய்தாள். அரை நிமிஷம்தான். பெயர் போய் அங்கே ஒரு எண் வந்தது. நான் குனிந்து, இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

“பேர எடுத்தா வெப்சைட்டுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அது பாட்டுக்கு ஓடும்.”