பாட்டில் விட்டுப்போன பேர்

நீலமேகத்துக்குச் சாவு வீடுதான் கச்சேரி மேடை. மாமல்லபுரம் கடலோரக் குப்பங்களில் யார் கண்ணை மூடினாலும் கானா பாட அவனைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பாட்டுக் கட்டுவது அவன், டோலக் அடிப்பது சுதாகர். செத்தவரின் பெண்டாட்டி பிள்ளை, மாமன் மச்சான் எல்லார் பேரும் பாட்டில் வரவேண்டும். ஒரு பேர் விட்டுப்போனால் அந்த ஆள் உறவே இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

இப்போது சுதாகரே செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஈரல் போய்விட்டது, இன்றோ நாளையோ என்றார்கள். கூட்டாளிக்கு அரைகுறையாகப் பாடக்கூடாதே என்று நீலமேகம் முன்கூட்டியே பாட்டைக் கட்டி, போனில் பாடிப் பதிவு செய்தான். புதுப்பாட்டு எதுவானாலும் தாளம் பார்க்க முதலில் சுதாகருக்கு அனுப்புவது வழக்கம். பாழாய்ப்போன விரல், இதையும் அவனுக்கே அனுப்பித் தொலைத்தது! அழிப்பதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது.

அடித்துப் பிடித்து பஸ் ஏறிப் போனான். சுதாகர் காதில் இயர்போனோடு, கட்டில் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது அடி ஓடுது மச்சான். நிதானமா பாடு."

நீலமேகம் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அத்த வுடு. எல்லார் பேரும் கீது, எம் பொண்ணு பேரு இன்னாச்சி?"

பிரியங்கா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருஷம். அவள் பேரை எடுத்தாலே சுதாகரின் மைத்துனன் சுப்பிரமணி அடிக்க வருவான். சுதாகரும் இத்தனை நாள் வாயைத் திறந்ததில்லை.

"அவகிட்ட போன்ல சொல்லிட்டேன். பாட்டுல பேரு வந்தா உள்ள வந்து எம் மொகத்த பாப்பா. வெச்சிடு மச்சான்."

"வெக்கிறேன். எம் பசங்க மேல சத்தியம்."

நான்காம் நாள் சுதாகர் போய்ச் சேர்ந்தான். ரோட்டோர வீடு, வாசலில் பந்தல். நீலமேகம் மைக்கை எடுக்கும்போது சுப்பிரமணி காதோடு சொன்னான்.

"அந்தப் பேரு வந்திச்சி, இனிமே எந்தக் குப்பத்துலயும் நீ பாட முடியாது அண்ணாத்த."

நீலமேகம் பாடினான். குரலென்னவோ தேன்தான். மகள் அடி வந்தபோது சுப்பிரமணியின் கண்ணைப் பார்த்தான். தொண்டைவரை வந்த பேரை முழுங்கிவிட்டு அடுத்த அடிக்குத் தாவினான். சீ, இவனெல்லாம் ஒரு கூட்டாளி!

பாடி முடித்துத் தலை நிமிர்ந்தபோதுதான் எதிர்ப்புற பஸ் ஸ்டாப்பைப் பார்த்தான். கைக்குழந்தையோடு பிரியங்கா நின்றிருந்தாள். பாட்டு முடிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் ஓர் அடி பாக்கியிருக்கும் என்று ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீலமேகம் மைக்கை அணைத்தான்.