பாதி வீட்டுக்கு வந்த இலையுதிர்காலம்

பூமியின் தென்பாதியில் இருக்கும் ஹா ரமோகு ஊருக்கு இலையுதிர்காலம் வந்த அந்த மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, மா-தெபெல்லோவின் வீட்டுக்கு மட்டும் அது பாதிதான் வந்தது. படலில் தொடங்கி, முற்றத்தின் நடுவே போய், வாசற்படியைத் தாண்டி, அடுப்பை ஒட்டிப் பின்சுவர் வரைக்கும் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் பீச் மரத்து இலைகள் பழுத்து விழுந்தன, புல் காய்ந்தது, பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. வலப்பக்கம் ஜனவரி மாதத்துக் கோடை வெயில் அப்படியே நின்றது. பூசணிக்கொடி பூத்துக்கொண்டும் ஈ மொய்த்துக்கொண்டும் இருந்தன. வட்ட வீட்டுக்குள்ளும் அதே கதைதான். இடப்பக்கக் கட்டிலில் ஒன்பது வயதுப் பெரியவன் தெபெல்லோ முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தான். வலப்பக்கக் கட்டிலில் ஆறு வயது மொஹாவு புதுக் கம்பளியை உதைத்துத் தள்ளிவிட்டு, வேர்க்க வேர்க்கத் தூங்கினான்.

முதல் வாரத்தில் ஊரே வந்து பார்த்தது. கிளினிக்கில் வேலை செய்யும் பெண் வெப்பமானியைக் கொண்டுவந்து இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் இருபத்தேழு என்று எழுதிக்கொண்டாள். அதற்குக் கீழே கருவி பழுது என்றும் எழுதிக்கொண்டு போனாள். ஊர்த்தலைவி ஒரு காலைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துச் சற்று நேரம் நின்று பார்த்தாள். எல்லைத் தகராறு என்றால் இரண்டு வீட்டுக்காரர்கள் வேண்டும், இங்கே இருப்பது ஒரே வீட்டுக்காரி, ஆகவே தீர்ப்புச் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, வலப்பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லி அரை மணி நேரம் வெயில் காய்ந்தாள். இரண்டாவது வாரம் முதல் பக்கத்து வீட்டுப் பெண்கள் துணிகளை வலப்பக்கம் காயப் போட்டார்கள், பாலை இடப்பக்கம் வைத்துக் கெடாமல் காத்தார்கள். படலைத் தாண்டி வெளியே போனால் எல்லோருக்கும் உள்ள பருவம்தான், பையன்கள் இருவருக்கும்கூட.

காரணத்தை யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது, ஏனென்றால் கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோடு விழுந்ததற்கு முந்தின நாள் டவுனுக்குப் போய் அவள் ஒரே ஒரு புதுக் கம்பளி வாங்கி வந்திருந்தாள். தெபெல்லோவின் பழைய கம்பளியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. மொஹாவுவின் கம்பளி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் புதியதை மொஹாவுவின் தோளில் போர்த்தி, இந்த ஊர் வழக்கப்படி மார்பில் ஊசி குத்தி, தள்ளி நின்று அழகு பார்த்துவிட்டு, பெரியவனிடம், "நீ பெரிய பையன், சமாளிச்சுக்குவே" என்று சொல்லிவிட்டாள். அவன் தலையை ஆட்டினான். மறுநாள் விடிந்தபோது கோடு இருந்தது.

இந்த ஊரில் கல்யாணமாகி வரும் பெண்ணுக்கு வந்த அன்றே பெயர் மாற்றிவிடுவார்கள். அவள் பெறப்போகும் தலைப்பிள்ளைக்கு அப்போதே ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு முன்னால் மா சேர்த்து, இன்னாருடைய அம்மா என்று அவளைக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் லினேயோ. அந்தப் பெயரை ஊரில் யாரும் சொல்லுவதில்லை. இங்கே மட்டும் நாம் சொல்லிக்கொள்வோம். அவளுடைய நாத்தனார் மா-பொலோகோ, பெயர் வைக்கும் உரிமை உள்ளவள், தெபெல்லோ என்று தேர்ந்தெடுத்தாள். எதிர்பார்ப்பு என்று அர்த்தம். பெயர் வந்துவிட்டது, பிள்ளை வரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தால், "என்ன மா-தெபெல்லோ, குடத்தைக் கொண்டுவந்துட்டே, புள்ளைய ஊத்துக்கிட்டயே மறந்துட்டு வந்துட்டியா?" என்பாள் நாத்தனார். களி அடிப்பிடித்தாலும் அந்தப் பெயர்தான், கோழி காணாமல் போனாலும் அந்தப் பெயர்தான். பிறக்காதவனின் பெயரில் மூன்று வருஷம் திட்டு வாங்கினாள் லினேயோ.

நான்காம் வருஷம் அவன் பிறந்தான். துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, 'ஓ, நீதானா அது' என்று நினைத்தாள். நினைத்தது ஒரு கணம்தான், ஆனால் அந்தக் கணம் எழுந்து போகவேயில்லை. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், காய்ச்சலில் கண்விழித்தாள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஒன்றுதான் வரவில்லை. மூன்று வருஷம் கழித்து மொஹாவு பிறந்தபோது, நாத்தனார் ஒரு சாவுக்காக வெளியூர் போயிருந்தாள். பெயரை லினேயோவே வைத்தாள். இரக்கம் என்று அர்த்தம். அவனைத் தூக்கியபோது வராததெல்லாம் வந்தது. யாராலும் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் இருந்த வித்தியாசம் அது. அந்த மார்ச் மாதத்திலிருந்து தெருவில் போகிற தபால்காரர்கூடப் படலுக்கு வெளியே நின்றபடியே பார்க்கலாம் என்று ஆகிவிட்டது.

நாத்தனார் வந்தாள், இரண்டு பக்கமும் நடந்து பார்த்தாள். "உன் மனசை வாசல்ல காயப் போட்டுட்டியேடி" என்று சிரித்தாள். லினேயோவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதன் பிறகு என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். எல்லோரும் பார்க்கும்படி பெரியவனுக்குப் பெரிய கறித்துண்டாக வைத்தாள். அன்று மாலையே இடப்பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் உறைந்தது. கட்டில்களை மாற்றிப் போட்டாள். விடிவதற்குள் குளிர் தெபெல்லோவைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தது, ஊர் எழுவதற்குள் அவசரமாகத் திருப்பிப் போட்டாள். சின்னவன்மேல் பாசத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு வாரம் அவனைக் காரணமில்லாமல் திட்டினாள். வெயில் ஒரு துளியும் குறையவில்லை, அவன் அழுததுதான் மிச்சம். அவனைச் சமாதானப்படுத்தியவன் தெபெல்லோ. டவுனுக்குப் போய் இருப்பதிலேயே கனமான கம்பளியைப் பெரியவனுக்கு வாங்கி வந்தாள். அவன் வாங்கிக்கொண்டான், நன்றி சொன்னான், தினமும் போர்த்திக்கொண்டான். உள்ளே இருந்தபடி நடுங்கினான்.

தகப்பன் பெயர் மொட்சமாய், நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தில் வேலை செய்தான். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் வருவான். ஈஸ்டருக்கு வந்தவன் கோட்டைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவள் தலை குனிந்து நின்றாள். கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவனோ தன் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு இடப்பக்கம் போய் உட்கார்ந்து, பெரியவனைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு, "எங்க வீட்டுலயும் இருந்திருக்கும். நாங்க அஞ்சு பேரு. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றான். வேலைக்குத் திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டான்.

எல்லாவற்றையும்விட அவளைக் குனிய வைத்தது வேறொன்று. ஏப்ரல் மாதக் கடைசியில் ஒருநாள் அவள் சுவருக்குப் பின்னால் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். படலுக்கு உள்ளே, இடப்பக்கத்தில், பள்ளிக்கூடப் பையன்கள் நான்கைந்து பேர் தெபெல்லோவைச் சூழ்ந்திருந்தார்கள். "டேய், உங்கம்மாவுக்கு உன்னைப் பிடிக்காதாமே, அதான் உன் பக்கம் வெயில் வரலையாம்!" என்றான் ஒருவன். தெபெல்லோ சிரித்தான். "போடா, உனக்கு என்ன தெரியும்? எனக்கு வெயிலே ஆகாது. நான்தான் அம்மாகிட்ட, எனக்குக் குளிர் போதும்னு கேட்டு வாங்கினேன்" என்றான். சொல்லும்போதே பல் அடித்துக்கொண்டது. லினேயோ முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை தன் தாயின் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லுகிறான், அவள் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வெளியே வந்து அவனைக் கட்டிக்கொண்டிருக்கலாம். வெட்கம் அவளை எழவிடவில்லை.

செப்டம்பரில் ஊருக்கு வசந்தம் வந்ததும் இரண்டு பக்கமும் ஒன்றாகி, கோடு மறைந்தது. அடுத்த மார்ச்சில் அதே இடத்தில் திரும்பி வந்தது. இதற்கிடையே ஒரு புதுச் செய்தி கிளம்பியது. குளிர் படாத வலப்பக்கத்துப் பீச் மரம் இலையாகத் தழைத்து நின்றதே தவிர, ஒரு பிஞ்சுகூட வைக்கவில்லை. சோளமும் அப்படியே. மே மாதத்துக்கு இந்த ஊரில் பறவையைப் பார்த்துச் சிரிக்கிற மாதம் என்று பெயர். சோளம் முற்றிக் கல்லாக இறுகிவிடும், பறவைகளால் கொத்த முடியாது. வலப்பக்கத்துச் சோளம் மட்டும் பால்பிடித்தபடியே நிற்க, பறவைகள்தான் ஊரைப் பார்த்துச் சிரித்தன. இடப்பக்கத்தில் சோளம் மணியாக விளைந்தது, பீச் மரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. சர்ச்சுக்கு வரும் பெண்கள் அவள் கையைப் பிடித்து, "பாத்தியா, குளிரும் நல்லதுக்குத்தான். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே" என்றார்கள். லினேயோ அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கோடை முழுக்க அந்தச் சமாதானத்தைச் சப்பிக்கொண்டே திரிந்தாள்.

பிப்ரவரிக் கடைசியில், தெபெல்லோவுக்குப் பதினொரு வயது ஆகும் சமயம், தாயும் மகனும் முற்றத்தில் உட்கார்ந்து உலர்த்துவதற்காகப் பீச் பழம் அரிந்துகொண்டிருந்தார்கள். பழமெல்லாம் அவன் மரத்துப் பழம். மொஹாவு கொட்டைகளைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில் அவள், "பாத்தியாடா, குளிர் பட்ட மரம்தான் காய்க்குது" என்றாள். தெபெல்லோ கையிலிருந்த பழத்தை அரிந்து முடித்தான். கொட்டையைத் தம்பியிடம் உருட்டிவிட்டான். பிறகு, "அது மரம்மா" என்றான். "நான் மரமில்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பழத்தை எடுத்துக்கொண்டான். லினேயோவின் கையில் கத்தி நின்றுவிட்டது. முகமெல்லாம் எரிந்தது, இந்த ஊரில் அவள் பட்ட வெட்கமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தாற்போல இருந்தது. பதினொரு வருஷமாக மற்றவர்கள் கண்ணுக்குத்தான் வெட்கப்பட்டிருக்கிறோம், இவனிடம் ஒருநாளும் வெட்கப்படவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "தெபெல்லோ, இங்க பாரு" என்றாள். "உன் மேல ஒரு தப்பும் இல்ல. குறை எங்கிட்டதான். உன்ன வச்சு எனக்கு வரவேண்டியது வரல. நான் என்னவோ பண்ணிப் பாத்துட்டேன்."

"தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"எப்பவும்" என்றான். அரிந்த துண்டுகளைத் தட்டில் பரப்பிக்கொண்டே, "வருமா?" என்று கேட்டான்.

வரும் என்று சொல்லத்தான் வாய் எழுந்தது. "தெரியலடா" என்றாள். அவனிடம் அவள் பேசிய முதல் நிஜமான வார்த்தை அது. அவன் தலையாட்டிவிட்டுத் தட்டை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

ஒன்பது நாள் கழித்துக் கோடு வந்தபோது, ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி வந்தது. தெபெல்லோதான் கண்டுபிடித்தான். வீட்டுக்குள் கோடு விழுந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்தான். அங்கிருந்து தன் கட்டில் வரைக்கும் சாணால் அளந்தான், பதினொன்று இருந்தது. அந்த வருஷமே லினேயோ தன் பாயையும் அடுப்பையும் இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். அடுப்பு மூட்டினால் குளிர் போய்விடவில்லை. அவளும் அவனோடு சேர்ந்து நடுங்கினாள், இருமினாள், விரல் வெடித்தது. "ஏம்மா உனக்கு இந்த வேலை, தம்பி பக்கம் போய்ப் படு" என்பான். "வாய மூடிட்டுத் தூங்கு" என்பாள். மொஹாவு வலப்பக்கத்திலிருந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு கிடப்பான். கொஞ்சம் வளர்ந்த பிறகு அவனுக்கும் அந்த வெயில் உறுத்தத் தொடங்கியது. மார்ச் வந்தால் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான்.

வருஷத்துக்கு ஒரு சாண், ஒரு கல். அவசரப்படுத்த முடியவில்லை. தெபெல்லோ பத்தொன்பது வயதில் தகப்பன் போன அதே சுரங்கத்துக்குப் புறப்பட்டபோது ஒன்பது கல் வந்திருந்தது, மூன்று சாண் பாக்கி. அந்தக் கனமான கம்பளியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். லினேயோ பஸ் ஏற்றிவிட்டு வந்து, காலியான கட்டிலுக்குப் பக்கத்தில் தன் பாயில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது, யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. அவனுக்குப் பதிலாக அவளே கல் வைத்தாள். மார்ச்சுக்கு மார்ச் போனில், "இன்னும் ரெண்டு சாண்டா" என்பாள், பிறகு "இன்னும் ஒண்ணு" என்பாள். அவன் சிரித்துவிட்டு, தம்பி படிக்கிறானா என்று கேட்பான்.

பன்னிரண்டாவது கல் கட்டில் காலைத் தொட்டது, அவனுடைய இருபத்திரண்டாவது வயதில். தொட்ட அன்றே கோடு மறைந்துவிட்டது, அந்த வருஷம் அதன் பிறகு வீட்டில் கோடே இல்லை. ஊர் முழுக்கப் பாப்ளார் மரங்கள் மஞ்சளாகிக் கொட்டின, எல்லா வீட்டிலும் சாணி வரட்டி புகைந்தது. மா-தெபெல்லோவின் வீட்டில் மட்டும் மூலைக்கு மூலை கோடை. ஈஸ்டருக்கு அவன் பகல் பஸ்ஸில் வந்து இறங்கினான். தோளில் அதே கம்பளி, ஓரம் தேய்ந்திருந்தது. படலைத் திறந்து இடப்பக்கத்தில் கால் வைத்தவன் நின்றான், சுற்றிப் பார்த்தான். மரத்தைத் தட்டிக் கொடுத்து, "இனிமே நீயும் காய்க்க மாட்டே" என்றான். லினேயோ களியும் கீரையும் வைத்தாள், கோழிக்கறி வைத்தாள். எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குள் எங்கும் குளிர் இல்லை. எத்தனை வருஷம் கழித்து, என்று நினைத்தபோது வெட்கம் மட்டும் பழையபடியே இருந்தது.

சாப்பிட்டுவிட்டு, பயணக் களைப்பு என்று தன் கட்டிலில் படுத்தான். பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாளித் துணியோடு வந்து, "இப்ப ரெண்டு பக்கமும் காயப் போடலாம்ல?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இடப்பக்கத்திலும் கொடி கட்டினாள். வீட்டுக்குள் ஈ பறந்தது. தெபெல்லோ கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது, காதோரம் வழிந்தது.

"தெபெல்லோ, கம்பளிய எடுடா. இப்பத்தான் குளிரலையே."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "இருக்கட்டும்மா, பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டான்.

லினேயோ கட்டில் ஓரத்தில், பன்னிரண்டாவது கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்கு வேர்க்க வேர்க்கத் தன் தலைத்துணியின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்திருப்பதற்குள் வெளியே பக்கத்து வீட்டுத் துணிகள் காய்ந்துவிட்டன.