நாளை மறுநாள் குளிக்கலாம்

குளியலறை வாசலில் அப்பா காகித நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொண்டிருந்தார். கடைசி டைல்ஸையும் பதித்துவிட்டு, முட்டி போட்டபடியே பின்னால் நகர்ந்து வெளியே வந்தவர், இடுப்பை நிமிர்த்துவதற்கு முன்பே மகளுக்கு உத்தரவு போட்டார்.

"ஈ, எறும்புகூட உள்ள போகக் கூடாது பாப்பா. தரை காயணும்."

பாப்பாவுக்கு முப்பத்தைந்து வயது. தனிக் குடித்தனம், புருஷன், வேலை எல்லாம் உண்டு. ஆனாலும் இந்த வீட்டுக்குள் வந்துவிட்டால் அவள் பாப்பாதான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வந்த நாளிலிருந்து அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் தொடாமல், தலையோடு தண்ணீர் விட்டுத் தானே குளிக்க வேண்டும்.

"நான் என்ன சாப்பாட்டு மேசையா? ஈரத்துணியால தொடைச்சுத் தொடைச்சு விடறீங்களே!"

பழைய குளியலறைக்குப் படி உயரம், தரை வழுக்கல். அம்மாவால் காலைத் தூக்கி வைக்க முடியாது. அவள் வாய்விட்டுக் கேட்ட அன்றே அப்பா சம்மட்டியைக் கையில் எடுத்துவிட்டார். ஊராருக்கெல்லாம் சமையலறையும் குளியலறையும் தானே வரைந்து, தானே கட்டிக்கொடுக்கிற மனிதர், பெண்டாட்டி கேட்டால் சும்மா இருப்பாரா? படியை உடைத்தெடுத்தார். பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி வைத்தார். உட்கார்ந்து குளிக்கத் திண்டு கட்டினார். தண்ணீர் தேங்காமல் ஓடத் தரைக்கு வாட்டம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். வேலை எத்தனை நாள் பிடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அம்மாவுக்கு அத்தனை நாள் இருக்கிறதா என்பதைத்தான் அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அப்பாவின் தொழிலுக்கு அம்மாதான் அளவு. புதிதாக ஒரு சமையலறை வரைந்தால், கூடத்துத் தரையில் அதே அளவுக்கு நாடா ஒட்டிவிடுவார். அம்மா அந்தக் கோடுகளுக்குள் நின்று, இல்லாத அடுப்பில் இல்லாத பாத்திரத்தைக் கிண்டிப் பார்த்துவிட்டு, "இங்க முழங்கை இடிக்குது, தள்ளி வைங்க" என்பாள். இதன் பலனாக ஊரில் பாதிச் சமையல் மேடைகள் அம்மாவின் உயரத்துக்கே அமைந்துவிட்டன. நெட்டையான வாடிக்கையாளர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். "அப்ப உங்க வீட்டுக்காரம்மாவையே வந்து சமைச்சுட்டுப் போகச் சொல்லுங்க" என்று ஒருவர் கத்திவிட்டுப் போனதை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மற்றபடி அப்பாவிடம் யாரும் வாலாட்ட முடியாது. காயாத தரையில் அவசரப்பட்டுக் கால் வைத்த ஒரு டாக்டரை, அவர் வீட்டிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியவர்.

"முடிஞ்சிடுச்சா?" என்று படுக்கையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. இப்போதெல்லாம் அவள் குரலைக் கேட்கப் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. "அப்ப இன்னைக்குக் குளிச்சிடவா?"

அப்பா அறை வாசலிலேயே நின்றார். கையெல்லாம் பசை.

"என்ன அவசரம்? நாளைக்கு டைல்ஸ் இடுக்கெல்லாம் பூசணும். நாளை மறுநாள் ஜாம்ஜாம்னு குளி."

அம்மா அவர் கையிலிருந்த பசையைப் பார்த்தாள்.

"சரி, அப்படியே ஆகட்டும்."

பாப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பின்னாலேயே போனாள். வீட்டின் பின்புறக் குழாயடியில் அவர் பசை பூசும் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில நர்ஸ் சொன்னது உங்க காதுல விழலையாப்பா? எதைக் கேட்டாலும் உடனே குடுங்க, தள்ளிப்போடாதீங்கன்னாங்க."

"விழுந்துச்சு."

"அப்புறம் என்ன? தரை போனா போகட்டும். வேற போட்டுக்கலாம்."

கரணையில் ஒட்டியிருந்தது எப்போதோ போய்விட்டது. அவர் கழுவிக்கொண்டேயிருந்தார்.

"நான் போட்ட தரையில காயறதுக்கு முன்னாடி யாரையும் விட்டதில்லன்னு அவளுக்குத் தெரியும். இன்னைக்கே வந்து குளின்னு கூப்பிட்டா என்ன நினைப்பா? நாளை மறுநாள் தனக்கு இல்லன்னுதானே நினைப்பா? அதை என் வாயால எப்படிம்மா சொல்றது?"

 பாப்பாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

இடுக்கில் பூசுவதற்கான கலவை வாங்க அப்பா கடைக்குக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்தவள், அம்மாவின் தோளுக்கடியில் கை கொடுத்து நிமிர்த்தினாள். பூனைக்குட்டி கனம்தான் இருந்தாள்.

"வாம்மா. அப்பா வர்றதுக்குள்ள குளிச்சிடலாம். திட்டினா நான் வாங்கிக்கறேன்."

அம்மாவின் முகத்தில் ஆசை வந்தது. மிட்டாய்க் கடை முன்னால் நிற்கிற பிள்ளையின் ஆசை. வந்த வேகத்திலேயே அதை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வேணாம்டி. கால் வச்சா டைல்ஸ் நகர்ந்துடும். உங்கப்பா கண்ணுக்குத் தப்புமா?"

"தெரியட்டுமே!"

"அவர் கையில ஒரு வேலை இருக்கட்டும். இதுவும் முடிஞ்சிடுச்சுன்னா அந்த மனுஷன் எங்க போய் உக்காருவாரு, சொல்லு?" பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. "நீ போய் அந்தத் துணியையே நனைச்சுட்டு வா."

அம்மாவுக்காக அப்பா நடிக்கிறார், அப்பாவுக்காக அம்மா நடிக்கிறாள். நடுவில் நிற்கிற தன்னால் இந்தத் தலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற முடியவில்லையே என்று நினைத்தபடி பாப்பா எழுந்தாள். சமையலறைக்குப் போய் வெந்நீர் விளாவி எடுத்து வந்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள். துணியைப் பிழிந்து முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். கையைத் தூக்கியபோது அது தன்பாட்டுக்கு வந்தது. விட்டதும் தொப்பென்று விழுந்தது.

"அம்மா" என்றாள். இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டாள். பிறகு துணியை மறுபடி நனைத்து மற்றக் கையையும் துடைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"பாப்பா, ரெண்டு கலர்ல வாங்கிட்டு வந்திருக்கேன். ஒண்ணு சாம்பல், ஒண்ணு பழுப்பு. எது நல்லாருக்கும்னு அம்மாவைக் கேளு."

பாப்பா கூடத்துக்கு வந்தாள்.  அவர் நீட்டிய இரண்டு பொட்டலங்களையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"தூங்கறாளா?" என்றார் அப்பா.

இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனார்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். குளியலறைப் பக்கம் போனவர்கள் நாடாவைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். அம்மாவின் தம்பி, லாரி ஓட்டுகிறவர், செய்தி கிடைத்த இடத்திலிருந்து சுமையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பாப்பாவைக் கட்டிக்கொள்ளப் போனவர் தன் சட்டையைப் பார்த்துத் தயங்கினார்.

"ரெண்டு நாளா வண்டியிலயே கிடக்கேன் பாப்பா. டீசல் நாத்தம். இந்தக் கோலத்துல அக்கா பக்கத்துல எப்படிப் போவேன்? எங்கயாவது குளிக்க முடியுமா?"

"மாடி வீட்டுல கேட்டிருக்கேன் மாமா. அங்க போய்..."

அதற்குள் அப்பா எழுந்துவிட்டார். அத்தனை நேரமும் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவர், நேராகக் குளியலறை வாசலுக்குப் போய் நாடாக்களை ஒவ்வொன்றாக உரித்தார். உரித்ததையெல்லாம் உருட்டிச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"இங்கயே குளி மச்சான்."

"தரை இன்னும் காயலன்னு சொன்னாங்களே அத்தான்?"

"ஒண்ணும் ஆகாது. தாராளமா குளி."

பாப்பா அவரைப் பார்த்தாள். இந்த வார்த்தையைக் காலையில் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. ஷவரிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது.  வீடு முழுக்க அந்தச் சத்தம்தான் இருந்தது.

"பாப்பா" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"சுடுதண்ணி வருதான்னு மாமாவைக் கேளு."

அவள் போனாள். கதவைத் தட்டக் கையை உயர்த்தினாள். உள்ளே மாமா தொண்டையைச் செருமுவதும், காலைத் தேய்த்துக் கழுவுவதும் கேட்டது. தட்டாமலே கையை இறக்கிக்கொண்டாள். பிறகு திரும்பி வந்தாள்.

"வருதுப்பா" என்றாள்.