கூன்வண்டின் வலது பக்கம்

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஒரே கட்டடத்தில் வேலை. வீட்டில் பார்த்துக்கொள்வது போதாது என்று அங்கேயும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிக்க வேண்டும். அவள் அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் கூன்வண்டுகளை ஆராய்கிறவள். பழைய அரிசியில் மூக்கை நீட்டிக்கொண்டு ஊர்ந்து வருமே, அந்தச் சாதி. உலகத்தில் அவை ஆயிரமாயிரம் இனம். அவளுக்கு அத்தனையும் சொந்தக்காரர்கள். நான் அதே பிரிவில் படம் வரைகிறவள். "போட்டோ எடுத்தா போதாதா?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எது முக்கியம் என்று கேமராவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் வரைந்த படத்தில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

நாத்தனாருக்குத்தான் ஒரு குறை இருந்தது. ஊரார் கண்டுபிடித்த வண்டுகளைச் சரிபார்த்துச் சரிபார்த்தே அவள் மூக்குக்கண்ணாடி தடித்துப் போயிற்று. 'இது புது இனம்' என்று அவள் சொல்லி, உலகம் சரி என்று தலையாட்டிய வண்டு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் மலைக்காட்டில் உளுத்துப்போன ஒரு கிளையிலிருந்து ஒரு கைப்பிடி அளவு வண்டுகள் கிடைத்தபோது, கதவைக்கூடத் தட்டாமல் என் அறைக்குள் ஓடி வந்தாள்.

"அண்ணி, இதுவரைக்கும் யாருமே பாக்காத வண்டு. மூக்கு நீளத்தப் பாருங்க!"

பார்த்தேன். எள்ளைவிடச் சற்றுப் பெரிது. முதுகில் செம்பழுப்புச் செதில்கள், முன்னந்தொடையில் குட்டியாக ஒரு முள். எனக்கே ஆசை வந்துவிட்டது. நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று வரையும்போதே தெரிந்தது. அவள் விளக்கம் எழுதினாள். என் படத்தைச் சேர்த்து ஆய்விதழுக்கு அனுப்பினோம்.

பதில் வந்தது. அதைப் படித்துப் பார்த்த வெளியூர் நிபுணர் எழுதியிருந்தார்: மூக்கு நீளம் வண்டுக்கு வண்டு மாறும், அதை வைத்துப் புது இனம் என்று சொல்ல முடியாது. படத்தில் இரண்டு முன்னந்தொடைகளிலும் முள் இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த ஓர் இனத்துக்கும் அப்படியேதான். ஆகவே இது அதுதான். போகிற போக்கில் இன்னொரு வரி: 'படமும் அந்தப் பழைய இனத்தின் படத்தைப் பார்த்து வரைந்தது போலவே இருக்கிறது.'

முதல் வரிகளில் அவள் உடைந்து போனாள். கடைசி வரியில் நான் கொதித்துப் போனேன். வீட்டுக்கு வந்தும் அவள் அழுதாள், நான் கத்தினேன். நடுவில் மாட்டிக்கொண்ட என் வீட்டுக்காரர் எதுவும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் பிழைக்கத் தெரிந்த மனுஷர்.

மறுநாள் காலை அவள் அறைக்குப் போனேன்.

"ஒரு வண்ட எடு. மறுபடியும் வரையறேன்."

"எதுக்கு அண்ணி? எப்பவும் போல பாதி வரைஞ்சு திருப்பிப் போடுவீங்க. அதே படம்தான் வரும்."

அவள் சொன்னது பொய்யில்லை. வண்டு என்றால் இடமும் வலமும் ஒன்று. அதனால் இடப்பாதியைப் பார்த்து வரைவோம். டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு வலப்பாதியை நகல் எடுப்போம். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். இரண்டு பக்கமும் பார்த்து வரைகிறவளை வேலையற்றவள் என்று சிரிப்பார்கள்.

"இந்தத் தடவ திருப்ப மாட்டேன். ரெண்டு பக்கமும் பாத்துதான் வரைவேன். காப்பியாம் காப்பி! அவன் கண்ணுல கொண்டுபோய்க் காட்டறேன்."

"வலது பக்கம் எப்படிப் பாப்பீங்க? ஒட்டியிருக்கே."

அதுவும் சரி. பெரிய பூச்சிகளை ஊசியில் குத்தி வைப்பார்கள்; இத்தனை சின்னப் பூச்சியில் குத்தினால் பூச்சியே மிஞ்சாது. அதனால் முக்கோணமாக வெட்டிய சின்ன அட்டையின் நுனியில் பசை தொட்டு வண்டை ஒட்டி, ஊசியை அட்டையில் குத்துவார்கள். ஒட்டுவது எப்போதும் வலப்பக்கத்தில். இடப்பக்கம் பார்க்கிறவர்களுக்கு. இது உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

"கழட்டு," என்றேன்.

"கால் போச்சுன்னா?"

"உன் வண்டு புதுசே இல்லன்னு சொல்லிட்டான். இனிமே கால் போனா என்ன, தலை போனா என்ன?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கண் கலங்கியது. ஆனாலும் தூரிகை நுனியில் வெந்நீர் தொட்டுச் சொட்டு வைத்தாள். பசை இளகும்வரை காத்திருந்தோம். வண்டு முழுசாக வந்தது. நுண்ணோக்கியின் அடியில் வைத்து நான்தான் முதலில் குனிந்தேன்.

வலது தொடையில் முள் இல்லை.

"உடைச்சிட்டியா?"

"நான் எங்க உடைச்சேன்? தள்ளுங்க." அவள் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. "அண்ணி, உடைஞ்சிருந்தா தழும்பு இருக்கும். இது வழவழன்னு இருக்கு."

அடுத்ததைக் கழற்றினாள். வழவழ. அதற்கடுத்தது, ஆண், பெண், ஒன்று விடாமல் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் இடது தொடையில் முள், வலது தொடை மொட்டை. பிறகு அந்தப் பழைய இனத்தின் வண்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கழற்றினோம். அவற்றுக்கு இரண்டு பக்கமும் முள். நாத்தனார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். நான் கண்ணால்கூடக் காணவில்லையே! இல்லாத முள்ளை அத்தனை அழகாக வரைந்து, நிழல் வேறு போட்டிருக்கிறேன். அந்த நிபுணர் வண்டைப் பார்த்து ஏமாறவில்லை, என் படத்தைப் பார்த்து ஏமாந்தார்.

புதுப் படத்தை இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்த்து வரைந்தேன். வலது தொடைக்கு வந்தபோது கை தானாக முள்ளை நோக்கிப் போயிற்று. பிடித்து நிறுத்தி, அந்த வெறும் வளைவை இழுத்தேன். அதைவிடக் கஷ்டமான கோட்டை நான் போட்டதில்லை.

வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதும்போது சண்டை வந்தது. 'ஒட்டிய விதத்தால் வலப்பக்கம் மறைந்தது, தவறு என்னுடையது' என்று அவள் எழுதியிருந்தாள். நான் அதை அடித்துவிட்டு, 'பார்க்காததை வரைந்தேன், தவறு என்னுடையது' என்று எழுதினேன்.

"ஒட்டினது நான் அண்ணி."

"வரைஞ்சது யாரு, உன் பசையா?"

"தப்பு என்னோடதுன்னு அடிச்சுக்கற நாத்தனார், அண்ணிய நான் இப்பத்தான் பாக்கறேன்," என்றார் என் வீட்டுக்காரர். கடைசியில் இரண்டு வரியுமே பதிலில் சேர்ந்து போயின.

நிபுணர் இந்த முறை நீளமாக எழுதினார். எங்கள் பதிலைப் படித்ததும் தன்னுடைய அலமாரியைத் திறந்து, பழைய இனம் என்று வைத்திருந்த வண்டுகளைக் கழற்றிப் பார்த்தாராம். வலது தொடை மொட்டையான சில அங்கேயும் இருந்தனவாம், அவர் பிறப்பதற்கு முன்பே யாரோ ஒட்டிவைத்தவை. 'இது புது இனம்தான். படத்தைப் பற்றி நான் எழுதியதற்கு மன்னிக்கவும்.' அந்த வரியை நான் வீட்டில் எத்தனை தடவை வாய்விட்டுப் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

"வண்டுக்கு உன் பேரத்தான் வைப்பா, பாரு," என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை. அச்சுக்குப் போகுமுன் பக்கத்தைப் பார்த்தால், 'ஒற்றை முள்' என்று பொருள்படும் ஒரு லத்தீன் பெயர். விறுவிறுவென்று அவள் அறைக்குப் போனேன்.

"முள்ளுக்கு இருக்கற மரியாத எனக்கு இல்ல, அப்படித்தானே?"

"பேருக்குப் பின்னால என்ன இருக்குன்னு படிச்சீங்களா?"

வண்டின் பெயருக்குப் பின்னால் அதை உலகத்துக்குச் சொன்னவர்களின் பெயர் வரும். என்றைக்கும் கூடவே வரும். அங்கே அவள் பெயர் இருந்தது. அடுத்து என் பெயர்.

"தன் பேர தானே வண்டுக்கு வச்சுக்கறது எங்க தொழில்ல அசிங்கம் அண்ணி. உங்க பேர வச்சா உங்கள என்கூடப் போட முடியாது. ரெண்டுல ஒண்ணுதான். எனக்கு நீங்க கூட வேணும்னு தோணிச்சு."

நாத்தனார் முன்னால் அழக் கூடாது என்பது கல்யாணமான நாளிலிருந்து நான் காப்பாற்றி வந்த வைராக்கியம். அன்றைக்கு அது போயிற்று. போனால் போகட்டும் என்று பெருமையாகவே அழுதேன்.