கொழுந்து கெடுவதற்குள்

எண்ணெய் வடிகட்டியின் கம்பிவலையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான் பொன்னையா. தார் போல அப்பியிருந்த கசடு விரலில் வழுக்கியது. தேயிலைக் கொழுந்து காயவைக்கும் ட்ரையருக்குச் சூடு கொடுக்கிற எண்ணெய்ச் சூளை காலையிலிருந்தே தகராறு பண்ணிக்கொண்டிருந்தது. பர்னர் சீறும், இருமும், நெருப்பைத் துப்பிவிட்டு அணைந்துபோகும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தபோது வாளியில் விழுந்தது பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

தொட்டியை இறக்கிக் கழுவ வேண்டும் என்று சித்திரைக்கு முன்பே அவன் சொல்லியிருந்தான். "கொழுந்து குறையட்டும், பாப்பம்" என்றார் ஆலைக்குப் பொறுப்பான டீமேக்கர் சிவஞானம். கொழுந்து குறையவில்லை. மழைக்குப் பின் மலை முழுக்கத் தளிர்த்துக் கிடந்தது.

தேயிலை ஆலையான ஸ்டோரின் சீமெந்துத் தரையில் அரைத்த கொழுந்து பச்சை மாறிச் செம்பு நிறம் ஏறிவிட்டது. உடனே சூட்டுக்குப் போகாவிட்டால் புளித்துப்போகும். தூள் சலிக்கிற பெண்கள் வேலையில்லாமல் நின்றார்கள். பொன்னையாவின் பெண்சாதி ரெங்கம்மாவும் அவர்களில் இருந்தாள்.

சிவஞானம் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்ட மனுசரல்ல. ஆனால் போன மாதம் கொழுந்து கெட்டதற்காகத் தோட்ட நிர்வாகியான துரை அவரை எல்லோருக்கும் முன்னால் வைத்து ஏசியிருந்தார்.

"வலையைப் போட்டிட்டியே? கெதியாப் பத்தவை."

"போட்டுட்டேங்க ஐயா. ஆனா உள்ளுக்க எண்ண தேங்கி நிக்குது. கதவத் தெறந்து காத்தாடிய ஓடவிட்டு ஆவி போகட்டுங்க. கொஞ்ச நேரந்தான்."

"அது எனக்குத் தெரியாதே? நான்தானே உனக்குச் சொல்லித் தந்தனான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "துரை பங்களாவால இறங்கிட்டார். அவர் வரேக்க ட்ரையர் ஓடவேணும்."

"போன தடவ புருவம் பொசுங்கிச்சுங்களே ஐயா..."

"ஏலாதெண்டால் சொல்லு, வேற ஆளை விடுறன்."

ஸ்டோரை விட்டால் மலைதான். மண்வெட்டி வேலைக்கு அவன் இடுப்பு தாங்காது. அப்பால் ரெங்கம்மா வேண்டாமென்று தலையாட்டியது தெரிந்தது. பொன்னையா துணி சுற்றிய கம்பியைக் கொளுத்தி, கையை நீட்டி உள்ளே நுழைத்தான்.

சூளை ஒருமுறை மூச்சை உள்ளிழுத்தது போலிருந்தது. பிறகு கதவு வழியே நெருப்பு மொத்தமாக வெளியே பாய்ந்தது.

அவனை இழுத்துக்கொண்டுபோய் ஸ்டோர் வாசற்படியில் உட்கார வைத்தார்கள். இரண்டு கைகளையும் விரித்தபடியே வைத்திருந்தான். முழங்கை வரை தோல் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. முகத்தில் என்ன ஆனதென்று அவனுக்குத் தெரியவில்லை. ரெங்கம்மாவின் அழுகையிலிருந்து விளங்கிக்கொண்டான்.

துரை வந்து முதலில் உள்ளேதான் போனார்.

"கொழுந்து?"

"கெட்டுப்போச்சு, சேர். இவன் அவசரப்பட்டுப் பத்தவைச்சிட்டான்" என்றார் சிவஞானம்.

"நீங்கதானே ஐயா பத்தவைக்கச் சொன்னீங்க!" ரெங்கம்மா கத்தினாள். "கெஞ்சுனாரே! என் காதால கேட்டேனே!"

சிவஞானம் தரையைப் பார்த்தார். மற்றப் பெண்கள் சல்லடையைப் பார்த்தார்கள். துரை அவளைக் கடந்து வாசலுக்கு வந்தார்.

லொறிக்காரர் றவூப் பின்கதவை இறக்கி, "ஏத்துங்க, வதுளை ஆஸ்பத்திரிக்கி சுருக்கா போயிரலாம்" என்றார்.

"பொறு" என்றார் துரை. "மாடியில வாட்டின கொழுந்து காத்திருக்கு. தரை வேணும். முதல்ல இந்தக் கெட்ட கொழுந்த அள்ளிப் பள்ளத்தில கொட்டிட்டு வா."

"தொர, ஆள் தாங்க மாட்டாரு..."

"கொட்டிட்டு வா."

ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அள்ளினார்கள். கூடை கூடையாக லொறி நிறைந்து, வளைவில் இறங்கி மறைந்தது. உள்ளே சூளைக் கதவு அகலத் திறந்து கிடக்க, காற்றாடி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "நல்லா ஓடட்டும், அவசரமில்ல" என்று துரை சொல்வது படிவரை கேட்டது. பொன்னையாவின் பற்கள் குளிர் கண்டதுபோல அடித்துக்கொண்டன.

லொறி திரும்பி வந்தபோது தட்டு முழுக்கப் புளித்த இலை ஒட்டிக் கிடந்தது. விரிக்க ஒரு சாக்குக் கேட்டாள் ரெங்கம்மா. சாக்கெல்லாம் தூளுக்கு என்றார்கள். அவள் முதலில் ஏறி, காலால் இலையை ஒதுக்கி உட்கார்ந்து, அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். லொறி இறக்கத்தில் குலுங்கத் தொடங்கியதும், ஒதுக்கிய இலையெல்லாம் மெல்ல நகர்ந்து வந்து அவன் மேல் சேர்ந்தது. விலக்கிவிட அவனுக்குக் கை இல்லை.