ஜெயித்தவனின் அப்பீல்

பஞ்சம்மாளின் வழக்கு எங்கள் ஆபீசுக்கு வந்தது 1959-இல். நான் அப்போது பெரியகுளத்தில் வக்கீல் சங்கரலிங்கத்திடம் குமாஸ்தாவாக இருந்தேன். அனுமந்தன்பட்டிக்குக் கிழக்கே அவளுக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலம். பக்கத்து நிலம் கொழுந்தன் சீனிச்சாமியுடையது. அவன் நிலத்தில், வரப்பை ஒட்டி ஒரு கிணறு. அதைத் தன் புருஷன் ஒச்சாண்டியும் சீனிச்சாமியும் சேர்ந்து வெட்டினார்கள், ஆகவே பாதித் தண்ணீர் தனக்கு என்பது அவள் கட்சி. தான் தனியாக ஆள் வைத்து வெட்டியது, அண்ணன் ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை என்பது அவன் கட்சி. ஒச்சாண்டி செத்த மறுமாதமே அவள் நிலத்துக்குப் போகும் வாய்க்காலை அவன் மண்ணைப் போட்டு மூடிவிட்டான். எழுத்து என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அண்ணன் தம்பி கிணறு வெட்டும்போது யார் பத்திரம் எழுதுகிறார்கள்?

ஐந்து வருஷத்தில் முப்பத்தொரு வாய்தா. முன்சீப்புகள் மூன்று பேர் மாறினார்கள். மூவருமே நல்லவர்கள், மூவரும் வழக்குக் கட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்கள், இருவருக்குப் பாதியில் மாற்றல் வந்தது. பஞ்சம்மாளும் சீனிச்சாமியும் ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள், அந்த நேரத்துக்கு ஒரே பஸ்தான் உண்டு. ஒருமுறை அவளுக்கு இடமில்லை என்று அவன் எழுந்து நின்றுகொண்டே வந்தானாம். கோர்ட் சேவகன் டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் உள்ளே போய்க் கும்பிடுவார்கள். அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பிப் போவார்கள். அதற்குள் அவள் நிலத்தில் வானம் பார்த்த சோளம் காய்ந்துகொண்டிருக்கும், அவள் பிறத்தியார் காட்டில் களை எடுக்கப் போவாள்.

1964-இல்தான் விசாரணை என்று ஒன்று நடந்தது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சாட்சிகள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. பஞ்சம்மாளை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு மணி நேரமாகக் குறுக்கு விசாரணை செய்தார். ஒரே கேள்வியை நாலாவது முறை கேட்டபோது அவள் அவரை விட்டுவிட்டு முன்சீப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

"அய்யா, இவுக கேட்டுக்கிட்டேதான் இருப்பாக. எங் கொழுந்தன் எங்க குலசாமி சோணைக்கருப்பு முன்னால கற்பூரத்த அமத்தி, அண்ணன் இந்தக் கெணத்த வெட்டலன்னு சொல்லட்டும். சொல்லிட்டா நான் கெணத்த விட்டுட்டுப் போயிர்றேன்."

எங்கள் வக்கீல் அவசரமாக எழுந்தார். ஆனால் முன்சீப் ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டார். அவருக்கு அன்று முகமே தெளிந்துவிட்டது.

அப்போது பிரமாணச் சட்டம் என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று நடப்பில் இருந்தது. எதிரி இன்ன சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன் என்று ஒரு கட்சி சொல்லி, எதிரியும் ஒப்புக்கொண்டால், கோர்ட் ஒரு கமிஷனரை அனுப்பிச் சத்தியம் வாங்கலாம். அங்கே சொன்ன சொல்தான் முடிந்த முடிவு. இங்கிலாந்தில் ஜூரி என்று பன்னிரண்டு பேரை உட்காரவைத்து உண்மை எது என்று கேட்பார்களாம். எங்கள் ஊருக்கு அத்தனை பேர் தேவைப்படவில்லை. 1969-இல் வேறு சட்டம் வந்து இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது. அதோடு சோணைக்கருப்பும் நீதித்துறையிலிருந்து ஓய்வு பெற்றார்.

"ஏம்மா இப்படிச் செஞ்ச?" என்று வெளியே வந்து வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவரு பொய்ச் சத்தியம் பண்ண மாட்டாருங்கய்யா. பயந்த மனுசன். எனக்குத் தெரியும்" என்றாள்.

சீனிச்சாமி அப்போது தன் வக்கீலோடு வேப்பமரத்தடியில் நின்றான். வக்கீல் அவன் காதில் வெகு நேரம் பேசினார். திரும்ப உள்ளே வந்து, சம்மதம் என்றான்.

கமிஷனராக வந்தவர் ஆதித்தன் என்ற இளம் வக்கீல். உத்தரவு நகல், அட்டை, இரண்டு பேனா எல்லாம் கொண்டுவந்திருந்தார். கோயில் என்றால் கட்டடம் கிடையாது, ஒரு புளியமரமும் மேடையும் அரிவாளும்தான். பூசாரி அவரிடம், "சாமிக்கு நோட்டீசு குடுத்தாச்சாங்க?" என்று கேட்டார். ஆதித்தன் உத்தரவை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படிக் கொடுக்கச் சொல்லவில்லை என்று பதில் சொல்லி, அதையும் அறிக்கையில் குறித்துக்கொண்டார்.

சீனிச்சாமி குளித்து ஈர வேட்டியோடு வந்தான். கோர்ட் எழுதிக் கொடுத்த வாசகத்தை ஆதித்தன் படிக்கப் படிக்கத் திருப்பிச் சொன்னான். இந்தக் கிணற்றை நான் மட்டுமே வெட்டினேன். என் அண்ணன் ஒச்சாண்டி வெட்டவில்லை. சொல்லி முடித்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமத்தி அணைத்தான். நேரம் பத்து நாற்பது என்று ஆதித்தன் எழுதினார்.

ஒரு வார்த்தை திட்டக்கூட மாட்டேன் என்கிறாளே என்று பஞ்சம்மாள் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பதினைந்து நாளில் வழக்குத் தள்ளுபடி. தீர்ப்பை நான்தான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப இனிமே வாய்தாவுக்கு வர வேணாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். சரி என்று பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஊர் முப்பது நாள் சீனிச்சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய்ச் சத்தியம் என்றால் முப்பது நாளுக்குள் சாமி கேட்கும் என்பது அங்கே கணக்கு. பாம்பு கடிக்கவில்லை. கூரை எரியவில்லை. காய்ச்சல்கூட வரவில்லை. பசு ஒரு கிடேரிக் கன்று போட்டது.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் சீனிச்சாமி எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றான். ஆள் இளைத்திருந்தான். தன் வக்கீலிடம் போகவேண்டியவன் வழி தவறி வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"அப்பீலு போடணுங்கய்யா" என்றான்.

"யாரு போடணும்?" என்றார் எங்கள் வக்கீல்.

"நாந்தேன்."

"நீதானப்பா ஜெயிச்ச."

"அதுக்குத்தேன் அப்பீலு. எங்க வக்கீலு சிரிச்சுப்புட்டாரு. அதான் இங்கன வந்தேன்."

உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான்.

"சத்தியம் பண்ணுன கெணத்துத் தண்ணியில ஒல வைக்க மாட்டேன்னு எம் பொஞ்சாதி ராஜாத்தி சொல்லிட்டா. ஆத்துக்குப் போயிச் சொமக்கிறா, ஒண்ணர மைலு. நாத்து நட ஆளு கூப்புட்டா, அந்த ஈரத்துல கால வைக்க மாட்டோங்கிறாக. முப்பது நாளு போனாச் சரியாப் போயிரும்னு பாத்தேன். முப்பது நாளு ஆச்சு, சாமி ஒண்ணும் செய்யல. அப்புறந்தேன் ரொம்பப் பயப்புடுறாக. சேத்து வச்சுச் செய்யும்னு. மாடு மட்டுந்தேன் அந்தத் தண்ணியக் குடிக்குது."

வக்கீல் பொறுமையாக விளக்கினார். தோற்றவன்தான் அப்பீல் போடலாம். தீர்ப்பால் பாதிக்கப்பட்டவன் யாரோ அவனுக்குத்தான் அந்த உரிமை.

"நாந்தேனுங்கய்யா பாதிக்கப்பட்டவன்" என்றான் சீனிச்சாமி.

வக்கீல் சட்டப் புத்தகத்தை எடுத்து, மூடி வைத்தார். பாதிக் கிணற்றையும் வாய்க்காலையும் மதினிக்கு எழுதிக் கொடுத்துவிடு, கோர்ட்டே வேண்டாம் என்றார். அவன் உடனே தலையாட்டினான். நான் பஞ்சம்மாளுக்குக் கார்டு போட்டேன். வியாழக்கிழமை இருவரும் அதே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

தானப் பத்திர வரைவை நான் வழக்கமான வாசகத்தில் எழுதி வைத்திருந்தேன். 'தங்கள் பேரில் எனக்குள்ள பிரியத்தினாலும் அபிமானத்தினாலும்' என்று படித்ததுமே பஞ்சம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பிரியம் யாருக்கு வேணும்? எம் புருசன் வெட்டுன கெணத்த நான் தானமா வாங்கணுமா? அவரு வெட்டுனாருன்னு எழுதச் சொல்லுங்க. இல்லன்னா எனக்குக் கெணறே வேணாம். நான் களை எடுத்தே பொழச்சுக்கிறேன்."

வக்கீல் முகம் மாறிவிட்டது. சீனிச்சாமியிடம் அவள் காதுபடவே சொன்னார். "அப்படி எழுதினா, கோயில்ல சொன்னது பொய்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. பொய்ச் சாட்சிக்கு ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். நான் உனக்கு வக்கீல் இல்ல, இருந்தாலும் சொல்லிட்டேன்."

பத்திரத்தை யாரும் படிப்பதில்லை, பேரன்மார் சண்டை போடும்போதுதான் எடுத்துப் படிப்பார்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. குமாஸ்தா அதையெல்லாம் சொல்லக் கூடாது. பஞ்சம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை.

சீனிச்சாமி முதல் தடவையாக எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எழுதுங்க" என்றான்.

'நானும் என் அண்ணன் ஒச்சாண்டியும் சேர்ந்து வெட்டிய கிணறு' என்று எழுதிப் படித்தேன். பஞ்சம்மாள் தலையசைத்தாள். முடிந்தது என்று பேனாவை மூடப் போனேன்.

"மூடாதீக. இன்னும் இருக்கு" என்றான் சீனிச்சாமி. "நாலு கோடை வெட்டுனோம். நான் மேல நின்னு கயிறு இழுத்தேன். எறங்குனது பூராம் அண்ணந்தேன். பதிமூணாவது மொழத்துல பாறை. வெடி வைக்கயில அவனுக்கு எடது கையில ரெண்டு வெரலு போச்சு. வலிக்கலடான்னு சொல்லிக்கிட்டே மேல ஏறி வந்தான். அதையும் எழுதுங்க." சொல்லிவிட்டு அழுதான். துண்டால் முகத்தைக்கூட மூடிக்கொள்ளவில்லை.

முப்பத்தொரு வாய்தாவில் இந்த விரல் பேச்சு வந்ததே இல்லை.

"இத ஏம்மா நீ கோர்ட்டுல சொல்லல?" என்று கேட்டேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, வேற ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் கூண்டுல ஏத்தி விட்டீக. அவருக்கு எத்தன வெரலுன்னு யாரும் கேக்கலையே."

நான்தான் சொல்லியிருந்தேன். கூண்டேறும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன், அதுதான் என் வேலை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் விரலையும் பாறையையும் எழுதினேன். அவன் சொன்னபடியே, ஒரு சொல் மாற்றாமல்.

மறுநாள் பத்திரப்பதிவு ஆபீசில் சப்-ரிஜிஸ்திரார் முழுவதையும் படித்தார். படிப்பவர் ஒருவர் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நாலு எல்லை சரி, வாய்க்கால் நீளம் சரி. இதென்ன நடுவுல விரல் கதை? கிணத்தை எழுதிக் குடுக்கிற பத்திரத்துல விரலுக்கு என்ன வேலை?" என்று என்னைப் பார்த்தார்.

அவர் பஞ்சம்மாளை ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் முன்னால் வந்தாள்.

"அது அங்கனதாங்க கெடக்கு, கெணத்துக்குள்ள. இன்னும் யாரும் எடுக்கல."

அவர் கைரேகை மை அட்டையை நகர்த்தி வைத்து, சீனிச்சாமியின் இடது கையை நீட்டச் சொன்னார்.