வானத்தில் கூப்பிட்ட பெயர்

அவ்வளவு உயரத்தில், விரல் மரத்துப்போகும் குளிரில், கூல்வெனுக்குச் சிரிப்பு வந்தது. பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலுள்ள கடல் கால்வாயின் நடுவே, மேகங்களுக்கு வெகு மேலே, நான்கு ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் முன்பு எதிரி விமானம் வருகிறதா என்று கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்ததும், அப்போது ஆக்சிஜன் முகமூடியின் குழாய் எங்கோ மாட்டி இழுபட்டதும் லேசாக நினைவிருந்தது. அதன் பிறகு எல்லாமே இனிமையாகிவிட்டது. சூரியன் இறக்கையின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. அதைத் தொட இன்னும் கொஞ்சம் மேலே போனால் போதும் என்று தோன்றியது. விமானத்தின் மூக்கைத் தூக்கினான். காதுக்குள் யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ப்ளூ த்ரீ, கீழே இறங்கு. உன் ஆக்சிஜனைப் பாரு. ப்ளூ த்ரீ."

யாரையோ கூப்பிடுகிறார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

"பால், கேக்குதா? பால்!"

பால் என்றால் யார்? அந்த ஆளை அவனுக்குத் தெரியாது. கண்ணின் ஓரங்கள் கருத்து வந்தன. அதுவும் அழகாகத்தான் இருந்தது. பிறகு ரேடியோவில் சின்ன மௌனம். இரண்டு மூச்சு விடும் நேரம் இருக்கும்.

"கூல்வென் தான்கி! கீழ எறங்குடா!"

கை தானாகவே கட்டுப்பாட்டுக் கோலை முன்னால் தள்ளியது. கேட்டது வட இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு யார்க்‌ஷயர்காரனின் கட்டைக் குரல்தான். அவன் காதில் விழுந்ததோ, சிறு வயதில் மாமாவின் படகில் பாய்மரத்தின் உச்சி வரை ஏறிவிட்ட பையனைப் பார்த்துத் துறைமுகக் கல்லில் நின்று அம்மா போடுகிற சத்தம். கோபம் வந்தால்தான் அவள் முழுப் பெயரையும் சொல்வாள். அப்போது இறங்காமல் இருக்க முடியாது.

கடல் பெரிதாகிக்கொண்டே வந்தது. காற்று கனக்கத் தொடங்கிய உயரத்தில் மண்டையைப் பிளப்பதுபோல் வலி வந்தது, கூடவே அறிவும் வந்தது. குழாய் கழன்று மடியில் கிடந்தது. பக்கத்தில், இறக்கை உரசுவதுபோல், குரல் கொடுத்த நார்மன் ஹெப்டனின் விமானம் துணைக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறோம் என்ற நினைப்பு வந்த அடுத்த கணமே, என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதும் உறைத்தது.

படையில் அவன் பெயர் பால் ரிவியேர்; ரேடியோவில் ப்ளூ த்ரீ. பிரான்ஸிலிருந்து தப்பி வந்து ஆங்கிலேயர்களோடு பறக்கிறவர்களில் பலருக்கும் பால் ரிவியேர்போல ஒரு பொய்ப் பெயர் உண்டு. இன்னார் மகன் இங்கே பறக்கிறான் என்று பிரான்ஸைப் பிடித்து வைத்திருக்கும் ஜெர்மன்காரர்களுக்குத் தெரிந்தால், ஊரில் இருப்பவர்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிரான்ஸின் மேற்கே, பிரெத்தோன் கரையில் அவன் அம்மா தனியாக இருந்தாள். மகன் காணாமல் போய்விட்டான் என்று இரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறாள். எதிர்க்கரையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், வானத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்கிறார்கள் என்பது எல்லா விமானிகளுக்கும் தெரியும்.

நார்மனிடம் உண்மைப் பெயரைச் சொன்னவன் அவனேதான். பறக்க முடியாத ஒரு மழை நாளில், அடுப்பைச் சுற்றி எல்லோரும் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது, நான் செத்தால் எந்தப் பெயரில் அழ வேண்டும் என்று ஒருத்தனுக்காவது தெரியட்டும் என்று சொன்னான். பாய்மரக் கதையையும் சொன்னான். நார்மன் கேலி பண்ணவில்லை. பெயரை வாய்க்குள்ளேயே பலமுறை சொல்லிப் பழகிக்கொண்டான்.

தரையிறங்கியதும் துப்பாக்கிகளைப் பராமரிப்பவர்கள் ஓடி வந்து இறக்கையைப் பார்த்தார்கள். துப்பாக்கி வாய்களில் ஒட்டிய, சுட்டால் கிழிந்துவிடும் சிவப்புத் துணி கிழியாமல் இருந்தது. ஒன்றும் சுடவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று ஒருவன் கொட்டாவி விட்டான். நார்மன் கூல்வென் பக்கமே வரவில்லை. உளவுப்பிரிவு அதிகாரியின் அறைக்கு நேராகப் போய், ரேடியோவில் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தானே ஒப்புக்கொண்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதிகாரி திட்டித் தீர்த்தாராம். அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் ஜன்னலைப் பார்த்தாராம். அவளை எச்சரிக்க அங்கே தகவல் அனுப்ப வழி உண்டா என்று விசாரிப்பதாகச் சொன்னாராம். விசாரிப்பதாகத்தான் சொன்னார்.

கூல்வென் ஓடுபாதையின் ஓரத்தில் பாராசூட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். புல் வாசனை வந்தது. அதை முகர முடிகிறதே என்று ஒரு சந்தோஷம் எழுந்தது; எழுந்த உடனே வெட்கமாக இருந்தது. மூச்சு ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது நன்றியாகவும் வெளியே வரும்போது பயமாகவும் இருந்தது. நார்மன் இரண்டு குவளைத் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தேநீர் ஆறிப்போனது.

"திட்டணும்னா திட்டிடுடா," என்றான் நார்மன். "பாலுன்னு கத்திப் பாத்தேன். நீ பாட்டுக்கு மேல போயிட்டே இருந்த. அப்பவும் வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடி யோசிச்சேன்."

"தெரியும். அந்த மௌனம் எனக்குக் கேட்டுச்சு."

"உங்கம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

கூல்வென் நன்றி சொல்ல நினைத்தான். அதைச் சொன்னால் அம்மாவை விலைபேசியதுபோல ஆகிவிடுமோ என்றிருந்தது. சொல்லாவிட்டால், அந்த இரண்டு மூச்சு நேரத்தில் நார்மன் ஒருத்தனாகச் சுமந்ததை அவன் தலையிலேயே விட்டுவிட்டதாக ஆகும். கடைசியில் எழுந்து உட்கார்ந்தான்.

"நீ அவளைப் பாத்ததில்ல நார்மன். பாத்திருந்தா பயப்பட மாட்ட. அவகிட்ட இதைச் சொன்னா, புள்ள மேல போயிட்டிருக்கான், அப்பவும் என்னடா யோசனை உனக்குன்னு உன் காதைத் திருகிடுவா."

நார்மன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது சிரிப்பினாலா அழுகையினாலா என்று கூல்வென் பார்க்கவில்லை. ஆறிய தேநீரைக் குடித்து முடித்தான். அதில் சர்க்கரை அதிகம். நார்மன் தன் பங்கையும் சேர்த்துப் போட்டிருந்தான்.

மறுநாள் காலை மறுபடி ஏறினார்கள். அம்மாவைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. வருவதற்கு மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். மேகத்தைத் தாண்டியதும் கூல்வென் குழாயை இழுத்துப் பார்த்தான். பேச்சு வெளியே போகாதபடி ரேடியோ விசை அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை தடவிப் பார்த்தான். பிறகு முகமூடிக்குள், அம்மா கூப்பிடுகிற அதே வேகத்தில், தன் முழுப் பெயரையும் உரக்கச் சொன்னான். ஈரமான ரப்பர் முகத்தில் சூடாக ஒட்டியது. பக்கத்து விமானத்திலிருந்து நார்மன் திரும்பிப் பார்த்தான். தன் முகமூடியை ஒரு விரலால் தட்டிக் காட்டி, மூச்சு சரியாக வருகிறதா என்பதுபோல் தலையை அசைத்தான். எல்லாம் சரி என்று கூல்வென் கையைத் தூக்கினான். வெகு தொலைவில், தென்மேற்கே, கடலும் பனியும் ஒன்றாகிற இடத்தில், அம்மாவின் கரை இருக்க வேண்டிய திசை வெளுத்துக்கொண்டிருந்தது.